போட்டியும் பகிர்வும்
மோட்டார்ப் பொறியியலாளரின் அறிவுப் பரிமாற்றம்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

முதலாளித்துவ உற்பத்தி முறையின் இயக்குவிசை போட்டியே என்பது அம்முறையைப் போற்றுவோரும் தூற்றுவோரும் ஒருங்கே ஏற்கும் கருத்தாகும். போட்டியின் உடன்பிறப்பாக இரகசியம் கருதப்படுகின்றது. தனது தொழிற்சாலையில் கண்டறியப்பட்டதை அடுத்த தொழிற்சாலைக்கு எட்டாதவாறு மறைத்துக் காப்பவனே வெல்வான் என்பது இக்கருத்தின் சாரம். ஆயின் தொழில்நுட்ப வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்கும்போது இதற்கு மாறான சான்றுகள் பல எதிர்ப்படுகின்றன. சந்தையிலே ஒன்றையொன்று வீழ்த்த முயன்ற நிறுவனங்களின் பொறியியலாளர், தமது சோதனை முடிவுகளையும் அளவைமுறைகளையும் தமக்குள் பரிமாறிக்கொண்டு வந்துள்ளனர். எஞ்சினின் அதிர்வு பற்றிய ஆய்வு அதற்குச் சிறந்த உதாரணமாகும்.

மேலைத்தேயப் பொருளியலாளர் இந்நிகழ்வைக் கவனியாது விடவில்லை. ரொபேட் அலன் 1983இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இதனைக் 'கூட்டுப் புத்தாக்கம்' என்று குறித்தார். எரிக் வொன் ஹிப்பெல் 1987இல், அமெரிக்காவின் சிறு உருக்கு ஆலைகளை ஆராய்ந்து, போட்டி ஆலைகளின் பொறியியலாளர் ஒருவருக்கொருவர் உதவி கோருவதும் வழங்குவதும் வழமையே எனக் காட்டினார். இன்று நான் தருவது நாளை எனக்குத் திரும்பி வரும் என்ற கணக்கே இதற்குக் காரணம் என்பது அவர்தம் விளக்கம். இவ்விளக்கம் பிழையன்று, ஆனால் அது போதுமானதன்று. பகிர்வு நிகழ்ந்ததா என்று கேட்பதோடு அது நின்றுவிடுகின்றது. யாருக்கிடையே பகிரப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது, பகிர்வின் பயன் எவரைச் சென்றடைந்தது என்னும் வினாக்களை அது எழுப்புவதில்லை. இவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய மாணவனொருவன் எஞ்சின்களைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இலக்கிய ஆக்கத்தைத் தனிமேதையின் அகத்தூண்டுதலாக மட்டும் கண்ட விமர்சன மரபை எதிர்த்து, அதன் சமூக மூலங்களைத் தேடப் பழகியவர்கள் நாம். கண்டுபிடிப்பின் வரலாறும் அதே தனிமேதைக் கோட்பாட்டினால் மூடுண்டு கிடக்கின்றது. அதனை அகற்றுவதற்கான முறையியல் இரு துறைக்கும் ஒன்றே.

2

மோட்டார் வாகனத்துக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே இதன் முன்மாதிரி தோன்றிவிட்டது. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கோண்வோல் பிரதேசத்துச் செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களில் நீரை இறைப்பதற்கு நீராவி எஞ்சின்கள் இன்றியமையாதனவாய் இருந்தன. ஜேம்ஸ் வாற்றின் 1769ஆம் ஆண்டு ஆக்கவுரிமை, பாராளுமன்றச் சட்டமொன்றினால் 1800 வரை நீடிக்கப்பட்டது. அக்காலம் முழுவதும் சுரங்க உடைமையாளர் போல்ற்றன்-வாற் நிறுவனத்துக்கு உரிமைக்கட்டணம் செலுத்தினர். வாற்றின் அமைப்பிலிருந்து விலகிப் புதியன செய்ய முயன்ற ஹோண்புளோவர் போன்றோர் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டனர்.

ஆக்கவுரிமை முடிவடைந்த பின்னர் நிகழ்ந்தது கருத்தூன்றி நோக்கத்தக்கது. 1811இல் ஜோயல் லீன் என்னும் சுரங்க மேலாளர் மாத அறிக்கையொன்றை வெளியிடத் தொடங்கினார். ஒவ்வொரு சுரங்கத்திலும் இயங்கும் எஞ்சின் ஒரு புசல் நிலக்கரியைக் கொண்டு எத்தனை இறாத்தல் நீரை ஓரடி உயர்த்துகின்றது என்னும் 'பணித்திறன்' அதிலே எஞ்சின்வாரியாக, அமைத்த பொறியியலாளரின் பெயருடன் அச்சிடப்பட்டது. ஒருவர் செய்த மாற்றத்தின் பயனை மற்றையோர் அடுத்த மாதமே எண்களாகக் கண்டனர். அறிக்கையின் தொடக்க ஆண்டுகளில் ஏறத்தாழ 2 கோடியாக இருந்த சராசரிப் பணித்திறன் 1840களில் 5 கோடியைத் தாண்டிற்று. 1835இல் ஃபோவி கொன்சொல்ஸ் சுரங்கத்து எஞ்சினொன்று சோதனையின்போது 12.5 கோடியை எட்டியது. உயரழுத்த நீராவியைக் கையாண்டு 1812இல் றிச்சாட் றெவிதிக் அமைத்த எஞ்சினுக்கு அவர் ஆக்கவுரிமை கோரவில்லை.

இதனைக் கோண்வோல் மக்களின் பெருந்தன்மையாகக் கொள்ளுதல் கருத்துமுதல்வாதமாகும். அங்கு நிலக்கரி இல்லை. தென் வேல்ஸிலிருந்து கடல்வழியாக வரவேண்டியிருந்தது. எனவே எரிபொருட் செலவே சுரங்கங்களின் உயிர்நிலைப் பிரச்சினையாயிற்று. மேலும், முதலிட்டோர் பல சுரங்கங்களில் ஒரே வேளையிற் பங்குகள் வைத்திருந்தனர். ஒரு சுரங்கத்தின் மேம்பாடு மற்றொன்றுக்குச் செல்வது அவர்களுக்கு இழப்பன்று, ஆதாயமே. அறிவு பொதுமையாவதற்கு உடைமையின் அமைப்பே அங்கு இடமளித்தது. உடைமையின் அமைப்பு மாறுமிடத்துப் பகிர்வின் தன்மையும் மாறும் என்பதை மோட்டார் வாகன வரலாறு காட்டும்.

3

எஞ்சின் அதிர்வு என்னும் பிரச்சினை எவ்வாறு எழுந்தது? உள்ளெரி எஞ்சினில் விசை தொடர்ச்சியாகப் பிறப்பதில்லை. ஒவ்வோர் உருளையிலும் எரிவாயு வெடிக்குந்தோறும் ஓர் உதைப்பாகப் பிறக்கின்றது. இவ்வுதைப்புகள் கிராங்க்தண்டை முறுக்கி விடுவிக்கின்றன. தண்டு உருக்கினாலானதாயினும் ஒரு வில்லைப் போன்று முறுகி மீள்வது. அதற்கென ஓர் இயற்கை மீடிறன் உண்டு. உதைப்புகளின் மீடிறன் அதனோடு பொருந்தும் வேகத்திலே பரிவு நிகழ்ந்து, தண்டு கடுமையாக நடுங்கும். ஈற்றில் முறியவும் கூடும். தண்டு நீள நீள இவ்வபாயம் மிகும்.

முதலில் இதனை முறையாக அளந்தவர்கள் மோட்டார் வாகனத் துறையினர் அல்லர். ஹம்பேர்க் நகரின் புளோம் உன்ட் வொஸ் கப்பற்றளத்தைச் சேர்ந்த ஹேர்மன் ஃபிறாம், கப்பல்களின் உந்துதண்டுகள் காரணமின்றி முறிவதை ஆராய்ந்து, தமது அளவீடுகளை 1902இல் ஜேர்மன் பொறியியலாளர் சங்கத்தின் ஏட்டிலே வெளியிட்டார். கப்பற்றளமொன்று தன் செலவிலே திரட்டிய அறிவு, சங்க ஏட்டின் வாயிலாக எவரும் வாசிக்கக்கூடிய பொதுப்பொருளாயிற்று.

இங்கிலாந்தில் நேப்பியர் நிறுவனம் 1903ஆம் ஆண்டின் இறுதியில் ஆறு உருளைகளைக் கொண்ட காரை அறிமுகஞ் செய்தபின், ஏனையோரும் அவ்வழியைப் பின்பற்றினர். நீண்ட தண்டின் நோய் அவர்கள் அனைவரையும் பற்றியது. ஹென்றி றொய்ஸ் தமது தொடக்ககால ஆறுருளை எஞ்சினில் தண்டுகள் முறிவதைக் கண்டு, தண்டின் முன்முனையில் உராய்வினால் வழுக்கும் ஒரு சிறு பறப்புச்சில்லைப் பொருத்தினார். பிரெடெரிக் லான்செஸ்ரரும் இதே திசையில் உழைத்து, எண்ணெயில் அமிழ்ந்த தட்டுகளின் வழியே இயங்கும் அதிர்வுதணிப்பான் ஒன்றுக்கு 1910இல் ஆக்கவுரிமை பெற்றார். தண்டு நடுங்கும்போது சில்லு அந்நடுக்கத்தைப் பின்தொடர மறுக்கின்றது; இடையே தோன்றும் வழுக்கல் அதிர்வின் சக்தியை வெப்பமாக்கி அழிக்கின்றது. இருவரில் முந்தியவர் யார் என்னும் வாதம் அவரவர் ஆதரவாளரிடையே நெடிது நிகழ்ந்துள்ளது. நமக்கு அவ்வாதம் முக்கியமன்று. ஒரே உற்பத்தி நிலைமை ஒரே பிரச்சினையைத் தோற்றுவித்தது. ஒரே பிரச்சினை இரு பட்டறைகளில் ஏறக்குறைய ஒரே விடையை ஈன்றது. இதுவே வரலாற்றுச் செய்தி.

லான்செஸ்ரரின் நிலை இங்கு விதந்து கூறத்தக்கது. தம் பெயர் தாங்கிய கார் நிறுவனத்தோடு தொடர்புடையவராயிருந்தபோதே, 1909 முதல் கொவென்றி நகரின் டெய்ம்லர் நிறுவனத்துக்கும் ஆலோசகரானார். 1906இல் நிறுவப்பட்ட மோட்டார்ப் பொறியியலாளர் நிறுவகத்தின் தலைவராக 1910இல் தெரிவு செய்யப்பட்டார். பல நிறுவனங்களைச் சேர்ந்தோர் கூடிக் கட்டுரை வாசித்து விவாதித்த மன்றம் அது. உற்பத்தியின் சமூகத்தன்மை ஒரு தனிமனிதரின் தொழில் வாழ்விலேயே வெளிப்பட்டமையை ஈண்டுக் காண்கின்றோம்.

அவரது மற்றொரு சாதனை நான்கு உருளை எஞ்சினைப் பற்றியது. இணைதண்டின் சாய்வு காரணமாகப் பிஸ்ரன் தன் ஓட்டத்தின் மேற்பாதியில் கீழ்ப்பாதியிலும் வேகமாகச் செல்கின்றது. அதனால் இரண்டு பிஸ்ரன்கள் ஏறும்போது இரண்டு இறங்கினும் விசைகள் முற்றாகச் சமப்படுவதில்லை. ஒரு சுற்றுக்கு இருமுறை எஞ்சின் மேலும் கீழும் குலுங்குகின்றது. எஞ்சினின் இருமடங்கு வேகத்தில் எதிரெதிர்த் திசைகளிற் சுழலும் இரு பாரத்தண்டுகளால் இதனைச் சமப்படுத்தலாம் என லான்செஸ்ரர் காட்டினார். 1920களில் வொக்ஸ்ஹோல் நிறுவனம் தனது 23-60 வகைக் காரில் இவ்வமைப்பைக் கையாண்டது.

ஆக்கவுரிமைக் காலம் கழிந்தபின் இது எவருக்கும் உரிய அறிவாயிற்று, பாடநூல்களில் இடம்பெற்றது. எனினும் 1970களில் ஜப்பானின் மிற்சுபிசி நிறுவனம் அவ்விரு தண்டுகளையும் வெவ்வேறு உயரங்களில் அமைத்து, எஞ்சினின் பக்கவாட்டு உருளலதிர்வையும் தணிக்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றது. போர்ஷ நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் தனது 944 வகைக் காரை உருவாக்கியபோது மிற்சுபிசிக்கு உரிமைக்கட்டணம் செலுத்தியே அம்முறையைப் பயன்படுத்திற்று. சாப் நிறுவனமும் உரிமம் பெற்றது. பொதுவெளியின் ஓரத்திலே மீண்டுமொரு வேலி எழுந்தது. இங்கிலாந்தின் பொதுநிலங்கள் வேலியிடப்பட்ட வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்வுவமை மிகையாகத் தோன்றாது.

4

அமெரிக்காவில் பகிர்வு நிறுவனவடிவம் பெற்றது. மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் 1905இல் அமைக்கப்பட்டது. அதன் முதலாவது உபதலைவர்களுள் ஹென்றி ஃபோர்ட்டும் ஒருவர். 1910இல் ஹட்சன் நிறுவனத்தின் ஹவாட் கொஃபின் தலைவரானபோது நியமப்படுத்தல் சங்கத்தின் முதற்பணியாயிற்று. வழக்கிலிருந்த ஏறத்தாழ 1,600 வகை உருக்குக் குழாய்கள் 210 ஆகவும், 800 வகைப் பூட்டு வளையங்கள் 16 ஆகவும் குறைக்கப்பட்டன.

இம்முயற்சியில் முன்னின்றோர் சிறிய, நடுத்தர நிறுவனத்தினரே. உதிரிப்பாகங்களை வெளியே வாங்கிப் பூட்டியவர்கள் அவர்கள். வழங்குநன் ஒருவன் நொடித்துப் போனால் அவர்களது உற்பத்தியும் நின்றுவிடும். ஒரே அளவினதான பாகத்தைப் பலர் செய்வராயின் அவ்வபாயம் நீங்கும். தனக்கு வேண்டியவற்றைத் தானே செய்துகொள்ளத்தக்க ஃபோர்ட் போன்ற பெருநிறுவனத்துக்கு இதில் நாட்டம் குறைவாயிருந்தது. பகிர்வு இங்கே மெலியோர் வலியோரை எதிர்கொள்ளக் கைக்கொண்ட உபாயமாகும்.

ஆக்கவுரிமை பற்றிய கசப்பான அனுபவமும் இதற்குத் துணைசெய்தது. ஜோர்ஜ் செல்டன் 1879இல் விண்ணப்பித்து 1895இல் பெற்ற ஆக்கவுரிமை, பெற்றோல் கார் அனைத்துக்கும் உரிமை கொண்டாடிற்று. அதன் பேரில் 1903 முதல் ஒரு சங்கம் கட்டணம் அறவிட்டது. ஃபோர்ட் தொடர்ந்து வழக்காடி 1911இல் மேன்முறையீட்டில் வென்றார். இதன் பாடத்தை உணர்ந்த உற்பத்தியாளர் 1915இல் தமது ஆக்கவுரிமைகளைக் கட்டணமின்றிப் பரஸ்பரம் பயன்படுத்தும் உடன்படிக்கையைச் செய்தனர். புலமைச் சொத்தின் புனிதத்தைப் பிறர்க்கு ஓதும் ஒரு தொழிற்றுறை, தன் வளர்ச்சிக் காலத்தில் அப்புனிதத்தை ஒதுக்கி வைத்தே முன்னேறியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

5

பகிர்வின் உச்சத்தையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டுவது எஞ்சினின் 'தட்டல்' பற்றிய ஆய்வாகும். உருளைக்குள் எரிபொருளின் ஒரு பகுதி உரிய தருணத்துக்கு முன் தானாகவே வெடிக்கும்போது அழுத்த அலை எழுந்து உலோகத்தைத் தாக்குகின்றது. சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி எழுகின்றது. இங்கிலாந்தில் ஹரி றிக்காடோவும், அமெரிக்காவில் சாள்ஸ் கெற்றறிங், தோமஸ் மிட்ஜ்லி ஆகியோரும் இதனை ஆராய்ந்தனர். முன்னர் தட்டலைச் செவியாலே மதிப்பிட்டனர். துள்ளும் ஊசியொன்றைக் கொண்ட கருவியை மிட்ஜ்லி குழுவினர் அமைத்த பின்னர், செவியின் தேர்ச்சி கருவிக்கு மாற்றப்பட்டது.

பிரச்சினை கார் உற்பத்தியாளரதா, பெற்றோல் உற்பத்தியாளரதா என்ற பூசல் எழுந்தபோது இரு துறையினரும், பொறியியலாளர் சங்கமும், அரசாங்க நியமப் பணியகமும் கூடி 1920களின் தொடக்கத்தில் கூட்டு எரிபொருளாய்வுக் குழுவை அமைத்தனர். கிறஹம் எட்கர் 1926இல் வகுத்த ஒக்ரேன் அளவுமுறையும், அக்குழுவுக்காக வோகிஷோ நிறுவனம் அமைத்த சோதனை எஞ்சினும் பொது அளவுகோலாயின. 1932இல் பென்சில்வேனியாவின் யூனியன்ரவுண் அருகிலுள்ள மலைவீதிக்குப் பல நிறுவனங்களின் கார்கள் கொண்டுசெல்லப்பட்டன. ஆய்வுகூட அளவீடு வீதியின் உண்மையோடு பொருந்தவில்லை என்று கண்டு, சோதனைமுறையையே திருத்தினர். போட்டியாளர் ஒன்றுகூடித் தமது பிழையைத் தாமே ஏற்ற இந்நிகழ்ச்சி அறிவியலின் சிறந்த பண்புக்குச் சான்றாகும். எந்த நாட்டின் பெற்றோல் நிலையத்திலும் இன்று காணும் ஒக்ரேன் எண் அக்கூட்டுழைப்பின் பேறே.

ஆயின் இதே வரலாற்றுக்கு மறுபக்கம் உண்டு. தட்டலைத் தணிக்கும் ஈயச் சேர்மமொன்றை 1921 டிசெம்பரில் மிட்ஜ்லி கண்டறிந்தார். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனமும் நியூ ஜேர்சி ஸ்ராண்டட் ஒயில் நிறுவனமும் 1924இல் 'எதில்' என்னும் நிறுவனத்தை ஏற்படுத்தின. அப்பெயரில் ஈயம் என்ற சொல் இல்லை. அவ்வாண்டு ஒக்ரோபரில் நியூ ஜேர்சியின் பேவே ஆலையில் இச்சேர்மத்தைக் கையாண்ட தொழிலாளருள் ஐவர் சித்தம் கலங்கி இறந்தனர். மேலும் பலர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மிட்ஜ்லி பத்திரிகையாளர் முன் தம் கைகளை அத்திரவத்தால் கழுவிக் காட்டினார். அவரும் முன்னர் ஈய நஞ்சினால் நோயுற்று ஓய்வெடுத்தவரே. டூபொன்ற் நிறுவனத்தின் டீப்வாற்றர் ஆலைத் தொழிலாளர், ஈயம் செய்யப்பட்ட கட்டடத்துக்கு 'வண்ணத்துப்பூச்சி வீடு' எனப் பெயரிட்டிருந்தனர். நஞ்சேறியோர் இல்லாத பூச்சிகளைக் கண்டு அவற்றைக் கையால் விரட்டியமையே அப்பெயருக்குக் காரணம்.

இப்பெயரை ஓர் இலக்கிய மாணவன் எளிதிற் கடந்து செல்ல முடியாது. இது வெறும் அலங்காரமன்று. நோயின் குறிகளைத் துல்லியமாகப் பதிவுசெய்த ஓர் அறிக்கை. கோண்வோலின் மாத அறிக்கைக்கோ யூனியன்ரவுணின் அட்டவணைக்கோ குறையாத அறிவு அதிலே அடங்கியுள்ளது. ஆனால் பொறியியலாளர் தமக்குள் பரிமாறிய குறிப்புகளில் அதற்கு இடமிருக்கவில்லை. 1925 மே மாதம் கூடிய அரச மாநாட்டில் அலிஸ் ஹமில்ற்றன் போன்ற மருத்துவ அறிஞர் எச்சரித்தும், அடுத்த ஆண்டு விற்பனை மீண்டும் தொடங்கிற்று. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இலேயே நிறுத்தப்பட்டது. உலகில் அதனைக் கடைசியாகக் கைவிட்ட நாடு அல்ஜீரியா, ஆண்டு 2021.

6

பகிர்வு எவ்வாறு எதிர்மறையாக மாறும் என்பதற்கு இரு நிகழ்ச்சிகளைச் சுட்டலாம். லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமாசுக்குக் கார்களே காரணம் என்று அறியப்பட்டபின், அமெரிக்கக் கார் நிறுவனங்கள் 1955இல் மாசு தணிக்கும் கருவிகள் தொடர்பான ஆக்கவுரிமைகளைப் பகிர்ந்துகொள்ளும் உடன்படிக்கையைச் செய்தன. தோற்றத்தில் இது 1915ஆம் ஆண்டு உடன்படிக்கையை ஒத்தது. ஆனால் ஒருவரும் மற்றவரை முந்தி அக்கருவியைப் பொருத்தாதிருப்பதற்கான சதியே இது என்று கூறி, 1969 ஜனவரியில் அமெரிக்க நீதித் திணைக்களம் வழக்குத் தொடுத்தது. நிறுவனங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே அவ்வாண்டில் இணக்கத் தீர்ப்புக்கு உடன்பட்டன.

இரண்டாவது நிகழ்ச்சி நம் காலத்தது. டெய்ம்லர், பி.எம்.டபிள்யூ., வோல்க்ஸ்வாகன், ஔடி, போர்ஷ ஆகிய ஜேர்மன் நிறுவனங்களின் பிரதிநிதிகள் ஒழுங்காகக் கூடித் தொழில்நுட்பம் பற்றி உரையாடி வந்தனர். டீசல் புகையிலுள்ள நைதரசன் ஒட்சைட்டுகளை அகற்றும் திரவத்தின் தாங்கி எவ்வளவு பெரிதாயிருத்தல் வேண்டும் என்பதில் அவர்கள் கண்ட உடன்பாடு, சட்டம் வேண்டுவதிலும் மேலாகச் சுத்திகரிக்கும் போட்டியைத் தவிர்ப்பதற்கானது என ஐரோப்பிய ஆணைக்குழு 2021 யூலை 8இல் தீர்ப்பளித்தது. 2009 முதல் 2014 வரை நீடித்த இச்செயலுக்காகப் பி.எம்.டபிள்யூ., வோல்க்ஸ்வாகன் குழுமம் ஆகியவற்றுக்கு 87.5 கோடி யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. விடயத்தை முதலில் வெளிப்படுத்திய டெய்ம்லருக்குத் தண்டம் இல்லை. பொறியியலாளர் கூடிப் பேசுவது குற்றமென ஆணைக்குழு கூறவில்லை. தொழில்நுட்ப ஒத்துழைப்பை அது ஏற்றது. தம்மால் இயலும் நன்மையைச் செய்யாதிருக்கக் கூட்டாக உடன்பட்டதே குற்றமாயிற்று.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். விஞ்ஞான உழைப்பு அனைத்தும், கண்டுபிடிப்பு அனைத்தும் சமகாலத்தவரின் ஒத்துழைப்பிலும் முன்னோரின் உழைப்பிலும் தங்கியுள்ள பொது உழைப்பு என்பதை 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் தெளிவுபடுத்தியுள்ளார். எஞ்சின் அதிர்வின் வரலாறு இதற்குத் தக்க சான்று. கப்பற்றளத்தின் அளவீடும் இரு பட்டறைகளின் விடையும் சங்க மண்டபத்தின் விவாதமும் மலைவீதியின் சோதனையும் சேர்ந்தே இன்றைய எஞ்சினின் அமைதியை ஆக்கின. எந்நிறுவனமும் தனித்து அதனை உரிமை கொண்டாட இயலாது.

எனினும் அறிவு பகிரப்படுதல் தன்னளவில் முற்போக்கானது என்று முடிவு செய்வதும் தவறு. 1915இல் உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சிக்கு உதவிய அதே வடிவம், 1955இல் அதனைத் தடுப்பதற்குப் பயன்பட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. வடிவம் மாறவில்லை, அதனைக் கையாண்டோரின் வர்க்க நிலையே மாறியது. சிறு உற்பத்தியாளர் பலராயிருந்த காலம் போய், ஏகபோக நிறுவனங்கள் சிலவே எஞ்சிய காலம் வந்தது. பொறியியலாளர் அறிவை வளர்ப்பவராயினும் அதன் பயன்பாட்டைத் தீர்மானிப்பவர் அல்லர். தோர்ஸ்ரைன் வெப்லென் 1921இல், உற்பத்தியின் தலைமையைப் பொறியியலாளரே ஏற்கலாம் என நம்பினார். பேவே ஆலையின் கதை மூன்றாண்டுகளின் பின் அந்நம்பிக்கையின் குறையைக் காட்டிவிட்டது. பொறியியலாளர் தமக்குள் எவ்வளவு பகிர்ந்தாலும், அவ்வட்டத்துக்கு வெளியே நின்ற தொழிலாளியின் குரலும் புகையைச் சுவாசித்த நகரமக்களின் குரலும் அதனுள் நுழையவில்லை.

ஆதலின் நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கை போட்டியாளர் தமக்குள் பகிர்வதோடு நின்றுவிடுவதன்று. பகிர்வின் வட்டம் உற்பத்தியில் ஈடுபடுவோர் அனைவருக்கும், அதன் விளைவைத் தாங்குவோர் அனைவருக்கும் விரிதல் வேண்டும். 'வண்ணத்துப்பூச்சி வீடு' என்று பெயரிட்டவர்களின் அறிக்கையும் சோதனை அட்டவணையின் அருகிலே வைத்து வாசிக்கப்படும் நாளிலேதான், அறிவு பொதுவுடைமையாயிற்று என்று கூறுதல் பொருந்தும்.